மாரி மழையில் சில்லு பூட்டிய வீடு

உப்புவெளியான்:

கனடாவிலிருந்து வந்த என் மச்சான் அங்கே நோவா ஸ்கோஷியாக் கரையெல்லாம் மோட்டார் வீட்டில் சுற்றியவர். கொழும்பில் கட்டிலும் அடுப்பும் பூட்டிய உயரமான வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கார்த்திகைக் கடைசியில் திருகோணமலைக்கு வந்து இறங்கினார். வாடைக்காற்று ஏறிவிட்ட காலம். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உள்ளூர ஆசை.

பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மரத்தடியில் ஒண்டி நின்றன. கோணேசர் கோயிலடியில் என் குடையைக் காற்று பிடுங்கி இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் எறிந்தது. அலை பாறையில் மோதும் அதிர்வு உள்ளங்காலில் தெரிந்தது. மச்சானுக்கு அது போதவில்லை. "கரையில் படுக்க வேண்டும்" என்றார்.

நிலாவெளியில் புறாமலைத் தீவுக்குப் படகு இல்லை. வள்ளங்களைத் தெருவோரம் வரை இழுத்து ஏற்றியிருந்தார்கள். சோளகக் காற்றுக் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவத்தில், சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து வந்து மீன்பிடித் தொழில் செய்தவர்களின் வாடிக் குடிசைகள் வெறுமையாகக் கிடந்தன. அதைப் பார்த்தாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்கலாம். இன்னும் வடக்கே போய், கடலுக்கும் ஒரு சிறு களப்புக்கும் (கடலோர உவர்நீர் ஏரி) நடுவிலிருந்த மணல் திட்டில் வானை நிறுத்தினோம். அவ்வழியால் வந்த முதியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"தம்பி, கடலைப் பார்த்துக்கொண்டா படுக்கப் போகிறீர்கள்? முதுகுப் பக்கத்தைப் பாருங்கள்."

சிரித்துவிட்டு அடுப்பில் தேநீர் வைத்தோம்.

இரவு இரண்டு மணிக்கு விழித்தால் படிக்கட்டில் தண்ணீர். கடல்தான் ஏறிவிட்டது என்று மச்சான் அலறினார். கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரிக்கவில்லை. சேற்று மணம். இரண்டு நாள் மழையில் குளங்கள் நிரம்பி வழிந்து, வயல் வெள்ளமெல்லாம் களப்பில் இறங்கியிருந்தது. முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்ததால் வெள்ளம் கடலுக்குப் போக வழியில்லாமல் எங்கள் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் கடலில் வற்று பெருக்கு இரண்டடிகூட வராது. அதனால்தான் கடலை அளந்துவிட்டு நிம்மதியாகப் படுத்தோம்.

வானைப் பின்னால் எடுக்கப் போனால் பின்சில்லு மணலில் புதைந்தது. விடியும்போது ஊரார் மண்வெட்டியோடு வந்து முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். முதலில் ஒரு முழ அகலத்தில் ஓடிய தண்ணீர், பார்த்திருக்கவே கரையைத் தின்று ஆறாகப் பாய்ந்தது. பிறகு உழவு இயந்திரம் ஒன்று வந்து எங்களை இழுத்தது. முதியவரும் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடுதல் வெட்கம்.

மீன் லொறிக்காரன்:

உயரமான வண்டிக்கு விலாப்பக்கம்தான் எதிரி. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். மாரியில் கொட்டியாரக் குடாவிலிருந்து வரும் காற்று அதில் நேரே பக்கவாட்டில் அறையும். வெறும் லொறியோடு போகும்போது ஸ்டியரிங் கையில் நிற்காது. 2009இல் பாலம் வரும்வரை பாதை என்ற மிதவைப் படகில் ஏற்றித்தான் கடந்தோம். காற்று கூடினால் பாதைக்காரர் நிறுத்திவிடுவார். இப்போது நிறுத்த ஆளில்லை, நாமே நிற்க வேண்டும். இரவில் நிறுத்துவதென்றால் முகப்பைக் காற்றுக்குக் காட்டி நிறுத்துங்கள். தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

குச்சவெளி அக்கா:

லொறித் தம்பி சொல்வது வாடைக்குச் சரி, புயலுக்குச் சரிவராது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே எங்கள் பக்கமாகத்தான் கரையேறியது. முன்னிரவில் வடக்கேயிருந்து அடித்த காற்று பிறகு திசை மாறித் தெற்கே இருந்து வந்தது. முகப்பைக் காட்டி நிறுத்தியிருந்த எங்கள் வானுக்குப் பின்கண்ணாடி போனது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியை விட்டுவிட்டுச் சுவருள்ள கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

உப்புவெளியான்:

நன்றி அக்கா. மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். அவர் இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில்தான் படுக்கிறார். வானின் மெத்தை மதிலில் தொங்குகிறது. நான்கு நாளாக வெயில் இல்லை.