புயல் கால மீட்புப் பயிற்சியில் கால்நடைகளை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: வேதாரண்யம் வட்டத்து வாசகர்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தபோது, தொழுவத்து மாடுகளை விட்டுவர மனமின்றி முகாமுக்கு வர மறுத்த குடும்பங்கள் பல. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஊர் இளைஞர்களைக் கொண்டு ஒரு மீட்புக் குழு அமைக்க எண்ணியுள்ளோம். மனிதர்களோடு கால்நடைகளையும் காக்கும் பயிற்சியை எங்கே பெறலாம்?

பதில்: ஆப்த மித்ரா தன்னார்வலர்

ஐயா, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் 18 முதல் 40 வயது வரையுள்ளோருக்கு முதலுதவி, கயிற்று முடிச்சுகள், வெள்ள மீட்பு முதலியவற்றை 12 நாள் கற்பிக்கிறார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்துசேரும்வரை ஊராரே ஒருவருக்கொருவர் துணை என்பதுதான் அதன் அடிப்படை. அடுத்த அணிக்கு ஆள் சேர்க்கிறார்களா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள். கால்நடைப் பகுதிக்கு உங்கள் வட்டாரக் கால்நடை உதவி மருத்துவரைத் தனியே அழைப்பது நல்லது.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

மாடு நன்றாக நீந்தும். கட்டுத்தறியில் கட்டுண்டு கிடந்தால்தான் மூழ்கும். ஆகவே, கயிற்றை அறுக்க ஒரு கத்தியும், எந்தத் தெருவின் மாடுகள் எந்த மேட்டுக்குச் செல்லும் என்ற முன்முடிவும் உங்கள் குழுவின் முதல் தேவைகள். கன்றை முன்னே நடத்தினால் தாய்ப்பசு தானாகப் பின்தொடரும். நீரிலிருந்து இழுக்கும்போது கழுத்தில் சுருக்கு முடிச்சுப் போடவே கூடாது. பயிற்சியை உயிருள்ள மாடுகளோடு நடத்துங்கள், ஏனெனில் தூணில் கட்டிப் பழகிய முடிச்சு மிரண்ட எருமையிடம் செல்லாது. காதுவில்லையின் 12 இலக்க எண்ணை முன்பே குறித்து வைத்திருந்தால், எது யாருடையது என்ற சச்சரவு பின்னர் எழாது. தொண்டை அடைப்பான் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். திடீரென இறந்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் கசிந்திருந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம்; இது தொண்டை அடைப்பானிலிருந்து வேறானது. அதை அறுக்காமல் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

பதில்: கடலூர் வாசகர்

ஆய்வாளர் ஐயா கூறியவை சரியே. ஆயினும் கயிற்றை மிகவும் முன்னதாக அவிழ்த்துவிட்டால் மாடுகள் சாலையிலும் பிறர் வயலிலும் புகுந்து வேறொரு சண்டையைக் கிளப்பும் என்பதால், அந்த நேரத்தை ஊர்க்கூட்டத்தில் தீர்மானியுங்கள். கத்ரீனா புயலுக்குப் பின் 2006இல் அமெரிக்கா வளர்ப்புப் பிராணிகளையும் வெளியேற்றத் திட்டத்தில் சேர்க்கச் சட்டம் இயற்றியது. நமக்கு ஊராட்சித் தீர்மானமே தொடக்கத்துக்குப் போதும். நாய்களைக் கையாளப்போகும் இளைஞர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளட்டும். தவணைகளுக்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டாம்.