பழைய 35 டிரக்டருக்கு பேர்க்கின்ஸ் எஞ்சின் ஏத்தினன், கியர் விழுதில்லை

வயல்காரன், தம்பலகாமம்:
அப்பா காலத்து பேகுசன் 35 டிரக்டர். நாலு சிலிண்டர், 23சி எஞ்சின். மாரியில விடியக் காலமை ஸ்டார்ட் எடுக்க இன்னொரு மெசின் கட்டி இழுக்க வேணும். அலுத்துப் போய், உடைஞ்ச 135 டிரக்டர் ஒண்டின்ர மூண்டு சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சினை ஏத்தினன். ஸ்டார்ட் ஒரே அடி. ஆனா எஞ்சின் ஓடேக்க கிளச்சை அடிவரைக்கும் மிதிச்சாலும் கியர் கறகறக்குது. நிப்பாட்டினா லேசா விழுது. கிளச் பிளேட் புதுசு. பெரும்போக உழவு கிட்டுது, ஆராவது சொல்லுங்கோ.

கராஜ் பொடியன்:
பெடல்ல ஃப்ரீ பிளே, அதான் கிளச்சைப் பிடிக்க முந்தி சும்மா போற தூரம், கூடக் கிடக்கும். பெடல் ராட்டைச் சரிபண்ணிப் பாருங்கோ அண்ணை.

வயல்காரன்:
அது முதல் நாளே பாத்தாச்சு தம்பி.

மூதூர் நானா:
எஞ்சினை கியர்பெட்டியோட சேக்கக்குள்ள கடைசி அரை இஞ்ச் தானா வந்திச்சா, போல்ட் போட்டு இழுத்தீங்களா?

வயல்காரன்:
இழுத்துத்தான் நானா பூட்டினன்.

மூதூர் நானா:
அங்கதான் பிழை. எஞ்சின்ட பின்பக்கம் சுத்துற பெரிய சில்லு, பிளைவீல், அதுட நடுவில சின்ன பேரிங் ஒண்டு இரிக்கி, ஸ்பிகட் எண்டு சொல்லுவாங்க. கியர்பெட்டி ஷாப்ட்டுட மூக்கு அதுக்குள்ளதான் நிக்கும். இறுக்கமா இருந்தாலோ அளவு மாறினாலோ, கிளச்சை மிதிச்சாலும் பிளைவீல் ஷாப்ட்டைச் சேத்துச் சுத்தும். பிறகெப்பிடி கியர் விழும்? பிளேட் நடுவில இல்லாட்டியும், திருப்பிப் போட்டாலும் இப்பிடித்தான். பழைய ஷாப்ட் ஒண்டை விட்டு நடுப்பிடிச்சுப் பூட்டினீங்களா?
திரும்பப் பிரிக்கத்தான் வேணும். முன் அச்சுக்கு ரெண்டு பக்கமும் ஆப்பு அடிங்க. இதுக்கு சேசி இல்ல, எஞ்சின்தான் முதுகெலும்பு. ஆப்பில்லாட்டி முன்பக்கம் சரிஞ்சு ஆளைப் போட்டிரும்.

கராஜ் பொடியன்:
கொம்பனியே 1959 கடைசியில 23சியை விட்டிட்டு 35க்கு பேர்க்கின்ஸ் போட்டது. அண்ணை செய்தது சரிதான், பூட்டினதுதான் பிழை 😄 டிரக்டர் பதிவுப் புத்தகத்தில எஞ்சின் நம்பரையும் மாத்துங்கோ.

வயல்காரன்:
நேற்றுப் பிரிச்சன். நானா சொன்னதுதான். பேரிங் ஷாப்ட் மூக்கைக் கவ்விப் பிடிச்சிருக்கு, மூக்கு நீலம் பாரிச்சுக் கிடந்தது. நல்ல காலம், பெட்டி வெடிக்கேல்ல. டவுன் லேத்தில மூக்கை மினுக்கி, அளவான பேரிங் போட்டு, பிளேட்டை நடுப்பிடிச்சுப் பூட்டினன். இந்த முறை கையால தள்ளவே வந்து இருந்திட்டுது. இண்டைக்கு ரெண்டு ஏக்கர் உழுதாச்சு. நானா, இந்தப் பக்கம் வந்தா தயிரும் தேனும் இருக்கு.