புதுப்பிப்பு: ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் பார்த்த இணைப்புகளின் நிறம் மாறிவிட்டது

ஏற்காட்டில் தினமும் காபி விலைப் பக்கங்களைப் பார்க்கும் அப்பாவுக்கு, திறந்த இணைப்பின் ஊதாவும் திறக்காததன் நீலமும் ஒன்றுபோலத் தெரிவதால், பார்த்த இணைப்புகளின் நிறத்தை மாற்ற இங்கே வழி கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

அமைப்புகளில் உள்ள நிறத் தேர்வு, பக்கங்களின் பின்னணியையும் சேர்த்து மாற்றியதால் அதை விட்டுவிட்டேன். பலித்தது யூசர்கன்டென்ட்.சிஎஸ்எஸ் (தளங்களின் தோற்றத்தை மாற்ற நாமே விதிகளை எழுதிவைக்கும் கோப்பு) வழிதான்: நம் அமைப்புகளை உலாவி சேமிக்கும் புரொஃபைல் கோப்புறைக்குள் ‘குரோம்’ என்றொரு கோப்புறையை உருவாக்கி, அதில் அந்தக் கோப்பை வைத்து, உலாவியின் கூடுதல் அமைப்புகள் உள்ள அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் ‘டூல்கிட் லெகசி யூசர் புரொஃபைல் கஸ்டமைசேஷன்ஸ் ஸ்டைல்ஷீட்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கி, உலாவியை மூடித் திறந்ததும் பார்த்த இணைப்புகள் அடர் ஆரஞ்சாகின. கோப்பில் எழுதிய நிற விதியின் இறுதியில் ஆச்சரியக்குறியோடு ‘இம்பார்ட்டன்ட்’ சேர்க்காதவரை தளத்தின் நிறமே நின்றது.

நான் எதிர்பாராதது, அதே கோப்பில் பார்த்த இணைப்புகளுக்குச் சேர்த்த தடித்த எழுத்து மட்டும் வரவே இல்லை என்பது. நாம் பார்த்த பக்கங்களைத் தளங்கள் ஒற்றறியாதிருக்க, நிறம் சார்ந்த பண்புகளை மட்டுமே அனுமதிக்கும் கட்டுப்பாட்டை, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா 2010-இலேயே அறிவித்திருக்கிறது. அது நம் சொந்தக் கோப்புக்கும் பொருந்தும். அப்பாவுக்கு ஆரஞ்சே போதுமானதாக இருக்கிறது.