பெயின்ட் அடித்த டைனோசர் காயவே மாட்டேன் என்கிறது, காப்பாற்ற வழி உண்டா?

முத்துநகர்

எல்லோருக்கும் வணக்கம், தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சியில் நம் நாட்டு டைனோசர் ஒன்றை வைக்க வேண்டும் என்று ராஜாசாரஸைப் பிடித்துக்கொண்டாள். கடை கடையாகத் தேடியும் ராஜாசாரஸ் பொம்மை கிடைக்கவில்லை. அதே குடும்பத்து கார்னோடாரஸ்தான் கிடைத்தது. ஒரு சாண் நீளம், ரப்பர் மாதிரி வளையும். அதன் இரண்டு கொம்புகளையும் பிளேடால் சீவிவிட்டு, நெற்றி நடுவில் எம்சீல் வைத்து ஒரு குட்டைக் கொம்பு பிடித்தோம். அதுவரை நன்றாகத்தான் வந்தது.

அப்புறம் ஹார்டுவேர் கடையில் சாம்பல் நிற பிரைமர் ஸ்ப்ரே வாங்கி அடித்து, அதன் மேல் பழுப்பு எனாமல் பூசினோம். மாதம் ஒன்று ஆகப் போகிறது. பார்வைக்குக் காய்ந்த மாதிரி இருக்கிறது, விரல் வைத்தால் ரேகை பதிகிறது. முதுகெல்லாம் தூசியும் பூனை முடியும் ஒட்டிக் கிடக்கிறது. இதில் ஒரு விசித்திரம், எம்சீல் கொம்பின் மேல் மட்டும் அதே பெயின்ட் கல் மாதிரி காய்ந்திருக்கிறது.

ஏன் இப்படி? பெயின்டை எடுத்துவிட்டு மறுபடி அடிக்கலாமா, இல்லை வேறு பொம்மைதான் வாங்க வேண்டுமா? அப்படியே ராஜாசாரஸ் என்ன நிறம் என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொட்டைமாடி

அண்ணே, கடலோரம் இல்லையா, காற்றில் ஈரம் அதிகம். நல்ல வெயிலில் ரெண்டு நாள் போட்டு எடுங்கள். கைவசம் ஹேர் டிரையர் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

தூரிகைத் தம்பி

முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை பிரஷ்ஷால் தடவி ஊதிவிடுங்கள். ஒட்டுவது நிற்கும், பளபளப்பும் போய்விடும். என்னிடம் இருக்கும் ஒரு பழைய ஸ்டெகோசாரஸ் அப்படித்தான் அலமாரியில் நிற்கிறது.

முத்துநகர்

மொட்டைமாடி, அண்ணன் இல்லை, அக்கா. நீங்கள் சொன்னபடி வெயிலில் வைத்துப் பார்த்தேன், பிசுபிசுப்பு கூடியதுதான் மிச்சம். கணுக்கால் வேறு தளர்ந்து இப்போது முன்னால் சாய்ந்து நிற்கிறது.

தம்பி, பவுடரை வாலில் மட்டும் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஒட்டவில்லை, ஆனால் வால் வெளுத்துவிட்டது. மறுநாள் தொட்டால் பழையபடி.

வேதியியல் வாத்தியார்

அம்மா, உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. கொம்பின் மேல் காய்ந்த பெயின்ட் உடம்பின் மேல் காயவில்லை. டப்பாவும் ஒன்று, அடித்த நாளும் ஒன்று, தூத்துக்குடிக் காற்றும் ஒன்று. அப்படியானால் கோளாறு பெயின்டிலும் இல்லை, ஈரத்திலும் இல்லை. அடியில் இருக்கும் பொம்மையில்தான்.

வளைகிற டைனோசர் பொம்மைகள் பெரும்பாலும் இளக்கிய பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பிவிசிதான், அது விறைப்பாக இருக்கும். அதை வளைய வைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் மாதிரி திரவத்தைக் கலக்கிறார்கள், எடையில் கால் பங்கு, சிலவற்றில் அதற்கும் மேல். அது பிவிசியோடு வேதிப் பிணைப்பு எதுவும் வைத்துக்கொள்வதில்லை, நடுவில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மெல்ல மெல்ல மேலே கசியும். மேலே எனாமல் படலம் இருந்தால் அதற்குள்ளும் புகுந்து இளக்கிவிடும். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் பிவிசியின் மேல்தோலைக் கொஞ்சம் உப்பவைத்து இதற்கு இன்னும் வசதி செய்து கொடுக்கிறது. ஆக, உங்கள் பெயின்டைத் திரும்பத் திரும்ப இளக்கிக்கொண்டிருப்பது பொம்மையேதான். அடுத்த பொங்கல் வரை காத்திருந்தாலும் இறுகாது.

பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் ரப்பர் போய் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ஸ்கேலில் குழி விழுந்திருக்குமே, அதே சங்கதி. அந்த ரப்பரில் இருக்கும் பிளாஸ்டிசைசர் ஸ்கேலின் பாலிஸ்டைரீனுக்குள் இறங்கி அதை இளக்கிவிடும்.

வெயில் வேண்டாம். சூடு ஏற ஏற இந்தக் கசிவு வேகமாகும், கால் தளர்ந்ததும் அதே சூட்டில்தான்.

கிட் ராஜா

மன்னிக்கணும் சார், ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் வருஷக்கணக்கில் ஹார்டுவேர் கடை ஸ்ப்ரேதான் அடிக்கிறேன். விமானம், டாங்கி, ஒரு டிரைசெராடாப்ஸ் எலும்புக்கூடு கூட. ஒன்றும் ஒட்டியதில்லை.

வேதியியல் வாத்தியார்

ராஜா, நீங்கள் சொல்வதெல்லாம் ஒட்டிச் சேர்க்கிற கிட். அது விறைப்பான பாலிஸ்டைரீன், அதில் பிளாஸ்டிசைசர் கிடையாது. ரெசின் மாடலுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எனாமல், லாக்கர், ஸ்ப்ரே எதுவும் அடிக்கலாம். வளைகிற பொம்மைக்கு மட்டும்தான் என் பேச்சு.

மலிவு விலையில் பை நிறைய வரும் சின்ன டைனோசர்களில் சில பாலிஎத்திலீன். அதில் பெயின்ட் ஒட்டாது, ஓடு ஓடாக உரிந்து வரும். பிசுபிசுத்தால் பிவிசி, உரிந்தால் பாலிஎத்திலீன் என்று சந்தேகப்படலாம். நெருப்பு வைத்துப் பார்க்கிற சோதனையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம், பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

தூரிகைத் தம்பி

அப்போ மேலே ஒரு கோட் தண்ணீர் வார்னிஷ் அடித்து மூடிவிட்டால்? ஒரு வீடியோவில் பார்த்தேன்.

வேதியியல் வாத்தியார்

மூடலாம், கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் அடியில் குழைந்த படலமும் மேலே இறுகிய படலமும் இருந்தால் மேல்படலம் வெடிப்பு விடும். கண்காட்சி நாளைக்கே என்றால் செய்யுங்கள், இல்லையென்றால் பெயின்டை எடுத்துவிடுவதே நல்லது. அந்தக் கைவேலையைச் செய்கிறவர்கள் சொல்லட்டும்.

சிறுத்தைப்புள்ளி

நான் சொல்கிறேன் அக்கா. இந்த வேலை எனக்கு அத்துப்படி.

முதலில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்பார்கள், சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும், உங்கள் ஊரில் மொபைல் சர்வீஸ் கடையில் கேளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்படி பக்கம் போகாமல் செய்யுங்கள். சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு. பழைய டூத்பிரஷ்ஷை அதில் நனைத்து ஒவ்வொரு பகுதியாகத் தேய்த்தால் பெயின்ட் பசை மாதிரி உருண்டு வரும். உடனுக்குடன் பழந்துணியில் துடைத்துவிடுங்கள், விட்டால் பக்கத்தில் போய் அப்பிக்கொள்ளும். ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டாம், பிளாஸ்டிசைசரும் சேர்ந்து வெளியேறி பொம்மை விறைத்துப்போகலாம். தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் ஆகாது, செதில் வேலைப்பாடே கரைந்துவிடும்.

அக்குள், வாய் ஓரம், விரல் இடுக்கு இங்கெல்லாம் கறை நிற்கும். நிற்கட்டும், அந்தப் பிசுபிசு படலம் போனால் போதும். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். புது பொம்மைக்கும் இந்தக் கழுவல் அவசியம், அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய் ஒட்டியிருக்கும்.

காலை இப்போதே நிமிர்த்திவிடுங்கள், பெயின்டுக்குப் பிறகு செய்தால் வெடிக்கும். கொதி அடங்கிய வெந்நீரில் காலை மட்டும் ஒரு நிமிடம் பிடித்து, வேண்டிய நிலைக்கு வளைத்து, அப்படியே பிடித்தபடி ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். இரண்டு காலில் நிற்கிற வேட்டை டைனோசர்கள் நம் ஊர் கோடையில் திரும்பவும் சாயும். அதனால் உள்ளங்காலில் ஒரு கம்பி செருகிப் பலகையில் பொருத்திவிடுங்கள்.

இனி பெயின்ட். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும்தான். ஸ்ப்ரே வேண்டாம். முதல் கோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட சேர்க்காதீர்கள், சேர்த்தால் பிவிசி மேல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். டப்பாவில் இருப்பதை அப்படியே எடுத்து மெல்லிசாக இழுத்து, முழுசாகக் காய விடுங்கள். அது பிடித்துக்கொண்டால் அடுத்த கோட்டிலிருந்து எவ்வளவு நீர்த்தாலும் உட்காரும். தூரிகையால் பூசுகிற அக்ரிலிக்-பாலியூரிதேன் பிரைமர் கிடைத்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளங்காலில் ஒரு திட்டு அடித்து ஒரு வாரம் விட்டு, டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பாருங்கள். நூல் ஒட்டாவிட்டால் மேலே போகலாம்.

செதில் எடுப்பாகத் தெரிய இரண்டு வேலை. கரும்பழுப்பை நன்றாக நீர்த்து உடம்பெல்லாம் விட்டு, மேடான இடங்களைத் துணியால் ஒற்றி எடுங்கள், பள்ளத்தில் மட்டும் தங்கும். காய்ந்த பிறகு வெளிர் நிறத்தைப் பழைய பிரஷ்ஷில் எடுத்து, பேப்பரில் துடைத்துத் துடைத்து, தடம் விழுகிறதா இல்லையா என்கிற நிலைக்குக் கொண்டுவந்து, செதில் முனைகளின் மேல் குறுக்காக வருடுங்கள். பெயின்ட் போதவில்லையே என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. கண்ணைக் கடைசியில் வையுங்கள், அதற்கு மட்டும் பளபள வார்னிஷ்.

முத்துநகர்

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி. அது சிறுத்தைப்புள்ளி தம்பியா தங்கையா தெரியவில்லை! எம்சீல் கொம்பு ஆல்கஹாலில் கழன்றுவிடாதே?

சிறுத்தைப்புள்ளி

தங்கைதான் அக்கா. இறுகிய எம்சீலுக்கு ஒன்றும் ஆகாது. பிவிசி மேல் வைத்த இடம்தான் சந்தேகம். அசைந்தால் எடுத்துவிட்டு, அடியில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, சின்ன குண்டூசித் துண்டு ஒன்றைச் செருகி அதன் மேல் வையுங்கள்.

லமேட்டா

நிறம் பற்றி யாரும் பேசவில்லையே, என் பங்குக்கு நான்.

ராஜாசாரஸின் நிறத்தைச் சொல்லக்கூடிய தடயம் எதுவும் கிடைக்கவில்லை. சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் வால் செம்பழுப்பும் வெளுப்புமாக வரி வரியாக இருந்தது என்று 2010-ல் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதன் இறகிழைகளில் நிறமி நுண்பைகள் கல்லாகித் தங்கியிருந்தன. ராஜாசாரஸுக்குக் கிடைத்தவை எலும்புகள் மட்டுமே. குஜராத்தின் ரஹியோலியில் 1980களில் எடுத்தவை, மண்டையோட்டின் ஒரு பகுதி, முதுகெலும்புகள், இடுப்பு, கால். ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்று பெயர் சூட்டியது 2003-ல். ஆக நிறத்தில் மகளுக்குச் சுதந்திரம் உண்டு. என்னைக் கேட்டால் முதுகு கருமையாகவும் வயிறு வெளுப்பாகவும் அடிக்கச் சொல்வேன். சிட்டகோசாரஸ், பொரியலோபெல்டா இரண்டிலும் அந்த அமைப்புக்குத் தடயம் இருக்கிறது, இன்றைய மான் முதல் மீன் வரைக்கும் அதுதானே.

தோல் விஷயத்தில்தான் சுதந்திரம் குறைவு. கார்னோடாரஸ் அர்ஜென்டினாவில் தோல் அச்சோடு கிடைத்த விலங்கு, 1985-ல் பெயர் வைத்தவர் ஹோசே போனபார்ட்டே. உடம்பில் பெரிய புடைப்புச் செதில்கள் வரிசை கட்டி ஓடின என்று வெகுகாலம் நம்பியதால் பொம்மைகளிலும் பொத்தான் தைத்த மாதிரி நேர்வரிசை இருக்கும். 2021-ல் அந்தத் தோலை மறுபடி ஆராய்ந்தபோது வரிசையே இல்லை, புடைப்புகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன என்று தெரிந்தது. உங்கள் பொம்மையில் வரிசை இருந்தால், நடுநடுவே சிலவற்றைப் பிளேடால் சீவிவிட்டு, வேறு இடங்களில் எம்சீல் பொட்டு வைத்துவிடுங்கள். வெளிர் நிறம் வருடும்போதும் வரிசை தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொம்பு ஒற்றையாக, தாழ்வாக, மொட்டையாக இருக்க வேண்டும். காண்டாமிருகக் கொம்பாகிவிடக் கூடாது. ராஜாசாரஸின் நீளம் சுமார் 6.6 மீட்டர் என்று ஒரு கணிப்பு. உங்கள் பொம்மை 22 செ.மீ. என்றால் 1:30 அளவு. பக்கத்தில் ஐந்தரை செ.மீ. உயரத்தில் ஒரு ஆளை நிறுத்தினால் பார்க்கிறவர்களுக்கு உருவம் உடனே பிடிபடும்.

முத்துநகர்

பெயின்ட் வந்துவிட்டது! சிறுத்தைப்புள்ளி சொன்ன மாதிரி உருண்டு உருண்டுதான் வந்தது. கொம்பு அசையவில்லை. உள்ளங்கால் திட்டில் டிஷ்யூ ஒட்டவில்லை. லமேட்டா, வரிசை இருக்கத்தான் செய்தது, மகளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சீவுகிறாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். கடைசியாக மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கலாமா? சின்னவன் கையில் எது கிடைத்தாலும் வாயில் வைப்பான், இந்தப் பிளாஸ்டிசைசர் ஆபத்தா?

சிறுத்தைப்புள்ளி

ஸ்ப்ரே வார்னிஷ் வேண்டாம் அக்கா. கரைப்பான் பழைய கதையைத் திரும்ப ஆரம்பிக்கும், ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்தும் போகும். தண்ணீர் அக்ரிலிக் மேட் வார்னிஷைத் தூரிகையில் இரண்டு மெல்லிய கோட், காற்று உலர்ந்த பகல் நேரத்தில். குலுக்காமல் கலக்கிவிட்டு எடுங்கள், நுரை வந்தால் செதில் இடுக்கில் குமிழி நிற்கும்.

வேதியியல் வாத்தியார்

பிளாஸ்டிசைசர்களில் பல வகை. தாலேட் வகையில் மூன்றைக் குழந்தைகள் பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் விதி கொண்டுவந்தது. லேபிள் இல்லாத பொம்மையில் எது இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால் பெயின்ட் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் சின்னவன் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். கண்காட்சிக்குக் கொண்டுபோகும்போது தெர்மாகோல் பெட்டியில் நேராக வைக்க வேண்டாம். அதுவும் பாலிஸ்டைரீன்தான், படுகிற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் எடுத்துப் போங்கள்.