கடைசியாகக் கண்ட நாள்: பங்குனி, சித்திரையில் வலசை திரும்பும் பறவைகள்

வலசைப் பறவைகள் வந்திறங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பறவை பார்ப்பவர்கள் எல்லோரும் விழிப்பாக இருக்கிறோம். முதல் வாலாட்டி எந்த நாளில் வயல்வரப்பில் வந்து நின்றது, முதல் ஊசிவால் வாத்து எந்த ஏரியில் இறங்கியது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். தை மாதத்தில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு முடிந்ததும் பலருடைய இருநோக்கி (பைனாகுலர்) உறைக்குள் போய்விடுகிறது. நானும் ஆறேழு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். வெயில் ஏறிவிட்டது, ஏரி வற்றிவிட்டது, இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்பது என் எண்ணம். மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு சேற்றுத்திட்டில் நின்ற காலைப்பொழுதில்தான் அது மாறியது. அங்கே நான் செய்த பிழையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது வாரம். வேறொரு வேலையாகச் சென்ற இடத்தில், விடிந்து சற்று நேரத்தில், கடல் ஓதம் வற்றி நீர் பின்வாங்கிக்கொண்டிருக்கும்போது கரையில் நின்றேன். குளிர்காலத்தில் அதே இடத்தில் நான் பார்த்திருந்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சாம்பலும் வெள்ளையுமாக, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவதற்குள் பொறுமை போய்விடும் அளவுக்கு ஒரே சாயலில் இருந்தவை. இப்போதோ அந்தக் கூட்டத்தின் நடுவில் சுட்ட செங்கல்லின் நிறத்தில் ஏழெட்டுப் பறவைகள் நின்றன. முகம், கழுத்து, மார்பு, வயிறு எல்லாம் சிவந்திருந்தன. கையேட்டைப் புரட்டினேன். செந்நிற வயிறுடைய கரையோரப் பறவை என்று தேடியதும் ‘ரெட் நாட்’ என்ற பெயரில் கண் நின்றுவிட்டது. தமிழகக் கரையில் மிக அரிதாகவே தென்படும் பறவை அது. உடனே, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதிவிடும் ஈபேர்டு இணையதளத்தில் ஏற்றினேன்; நண்பர்கள் இருவரைத் தொலைபேசியில் அழைத்தும் சொன்னேன். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் மாலையில், பட்டியல்களைச் சரிபார்க்கும் ஒருவரிடமிருந்து பணிவான மடல் வந்தது. அலகின் நுனி எப்படி இருந்தது, பறக்கும்போது வாலுக்கு மேலே என்ன நிறம் தெரிந்தது என்ற இரண்டே கேள்விகள். நான் எடுத்திருந்த மங்கலான படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, விடை எழுதுவதற்கு முன்பே எனக்கு வியர்த்துவிட்டது. அலகு நீண்டு, நுனியில் கீழ்நோக்கி வளைந்திருந்தது. பறந்துகொண்டிருந்த ஒரு பறவையின் வாலுக்கு மேலே பளிச்சென்ற வெள்ளை. ரெட் நாட்டின் அலகு குட்டையானது, நேரானது, உடலும் பருத்தது. நான் கண்டவை, குளிர்காலம் முழுவதும் அதே சேற்றில் நூற்றுக்கணக்கில் மேய்ந்தபோது நான் சலிப்போடு கடந்துபோன கர்லூ சேண்ட்பைப்பர் என்னும் வளைந்த அலகு உள்ளான்கள். சைபீரியாவின் வடகோடியில், மரங்களற்ற துந்திரா நிலத்தில் முட்டையிடப் போகும் அந்தப் பறவை, நம் கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே இனப்பெருக்கக் காலத்து இறகுகளை உடுத்தத் தொடங்கிவிடும் என்பதை நான் படித்திருந்தேனே தவிர, ஒருமுறையும் கண்டதில்லை. கண்டிருக்க முடியாது, அந்த மாதங்களில் நான் கரைக்குப் போனதே இல்லை.

வெட்கம் தணிந்த பிறகு ஆர்வம் வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரிக் கடைசியிலிருந்து மே நடுவரை, வாரத்துக்கு ஒருமுறை, ஓதம் வற்றும் நேரம் பார்த்து அதே திட்டுக்குச் சென்றேன். மார்ச் தொடக்கத்தில் உள்ளான்களின் முதுகில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்பழுப்பு இறகுகள் தெரிந்தன; மாதக் கடைசியில் மார்பில் திட்டுத்திட்டாகச் சிவப்பு ஏறி, சாயம் சரியாகப் பிடிக்காத துணிபோல இருந்தன. மங்கோலிய உப்புக்கொத்திகளின் மார்பில் செம்பட்டையும் கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடியும் வந்தன. எல்லாவற்றிலும் என்னைக் கட்டிப்போட்டது பசிபிக் பொன்னிற உப்புக்கொத்திதான். முகத்திலிருந்து வயிறுவரை கரிய நிறம், முதுகில் பொன் துகள்கள், இரண்டுக்கும் நடுவே நெற்றியிலிருந்து இறங்கி வரும் வெண்ணிறக் கரை. ஜனவரியில் இதே பறவையை வெறும் பழுப்பு நிறப் பறவை என்று எழுதி வைத்திருந்தேன்.

நிறத்தைவிட அவற்றின் நடத்தை மாறியதைக் கவனித்ததே எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. மார்ச் நடுவிலிருந்து அவை தலை தூக்காமல் மேய்ந்தன. நெடுந்தொலைவு நிற்காமல் பறக்கும் சில கரையோரப் பறவைகளின் எடை, புறப்படும் வேளையில் ஏறக்குறைய இருமடங்காகிவிடும் என்பார்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது அடிவயிறு உருண்டு தொங்குவது கண்ணுக்கே தெரியும். இந்த நேரத்தில் படத்துக்காக இன்னும் நான்கடி முன்னே போவதும், கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிடுவதும் அவை சேர்த்த கொழுப்பை நாம் வீணடிப்பதாகும். நான் அதைச் செய்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை.

அந்த ஆண்டு ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை, வழக்கத்துக்கு மாறாக அஸ்தமன நேரத்தில் அங்கே இருந்தேன். காற்று தெற்கிலிருந்து சீராக வீசியது. உள்ளான்கள் எழுந்தன, ஒரு சுற்றுச் சுற்றின, மீண்டும் இறங்கின. இறங்கியவை மேயவில்லை, நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தன. இப்படி ஐந்தாறு முறை. அடுத்த முறை ஏறத்தாழ நாற்பது பறவைகள் எழுந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் உயரம் கூட்டிக்கொண்டே போய், ஒழுங்கில்லாத ஒரு கோடாக நீண்டு, வடக்கே திரும்பின. இருநோக்கியில் புள்ளிகளாகத் தெரிந்தவரை பார்த்தேன். கீழே நின்ற மற்றவை சற்று நேரம் குரல் கொடுத்துவிட்டு அடங்கின. அடுத்த வாரம் சென்றபோது பதினொன்று எஞ்சியிருந்தன, அதற்கடுத்த வாரம் மூன்று.

உங்களில் யாராவது இப்படிப் புறப்படும் கணத்தைப் பார்த்திருந்தால் எழுதுங்கள். வரும் நாளைக் கண்ட அன்றே குறித்துவிடலாம். போகும் நாளோ, அதன் பிறகும் சென்று வெறும் சேற்றைப் பார்த்துத் திரும்பியவருக்குத்தான் தெரிகிறது. அதனால்தான் அந்தக் குறிப்புகள் நம்மிடம் இவ்வளவு குறைவாக இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

*

ஐயா, நீங்கள் கடற்கரையில் கண்டதை நான் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் வேறு விதமாகக் கண்டேன். அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் வரித்தலை வாத்துகள் கரையோரப் பறவைகளுக்கு முன்பே கிளம்பிவிடுகின்றன. மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலை, தண்ணீரின் நடுவில் அவை எல்லாம் ஒரே திசையை நோக்கிக் கழுத்தை நீட்டி நின்றன. சாதாரணமாக அந்த நேரத்தில் வயல்களுக்கு மேயப் போய்விடும். அன்று ஒன்று தலையை ஆட்டிக் குரல் கொடுக்க, அடுத்தது ஆட்ட, அந்த ஆட்டம் கூட்டம் முழுவதும் பரவியது. பிறகு இருபத்துச் சொச்சம் வாத்துகள் நீரை மிதித்து எழுந்தன. முதலில் குழப்பமாகக் கலந்து பறந்தவை, குளத்தின் மறுகரையைத் தாண்டும்போது அம்புமுனை வடிவத்துக்கு வந்துவிட்டன. அந்தக் கூட்டம் திரும்பி வரவில்லை. நான் நண்பகல்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திபெத்திலும் மங்கோலியாவிலும் முட்டையிடும் இந்த வாத்துகளுக்கு இமயமலையைக் கடப்பதைத் தவிர வேறு வழியில்லை. உடலில் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது 7,290 மீட்டர் உயரம்வரை ஒரு வாத்து பறந்தது பதிவாகியிருக்கிறது. ஆனால் அவை எப்போதும் உச்சியிலேயே பறப்பதில்லை என்பதுதான் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி. மலை ஏறினால் தாமும் ஏறி, பள்ளத்தாக்கு வந்தால் தாமும் இறங்கி, நிலத்தை ஒட்டியே போகின்றனவாம். மேலே காற்று அடர்த்தி குறைவு. சிறகடிப்பதற்கு மிகுதியான ஆற்றல் வேண்டும். ஏறிய உயரத்தை இழந்தாலும், கீழே அடர்ந்த காற்றில் பறப்பதே அவற்றுக்கு இலாபமாக இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். மங்கோலியாவில் அடையாளத்துக்காகக் கழுத்துப்பட்டை இடப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய நீர்நிலைகளில் பலமுறை காணப்பட்டிருக்கின்றன. பட்டையைக் கண்டால் அதன் நிறத்தையும் எழுத்துகளையும் குறியுங்கள். கரையோரப் பறவைகளின் காலில் அதேபோல அடையாள வண்ணக்கொடி இருந்தால், எந்தக் கால், மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம் என்பதும் வேண்டும். நான் ஒருமுறை நிறங்களைச் சரியாக எழுதிவிட்டு, வரிசையை எழுத மறந்தேன். அந்தக் குறிப்பு எதற்கும் பயன்படவில்லை.

*

நான் குளத்துக்கும் கடலுக்கும் போனவள் அல்ல. என் அனுபவம் வீட்டுச் சன்னலில் நடந்தது.

மூன்று மாதங்களாகத் தோட்டத்தின் புதரிலிருந்து, விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும், இரண்டு சுரமுள்ள ஒரு சீழ்க்கை கேட்டுக்கொண்டிருந்தது. ஆறுமணிக்குருவி என்ற பெயர் அதற்கு எவ்வளவு பொருத்தம் என்று தெரியுமே தவிர, பறவையை நான் சரியாகப் பார்த்ததில்லை; சருகுக்குள் தத்திப் போகும் நிழலாக மட்டும் இரண்டு முறை கண்டேன். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு காலை, மாடிக் கண்ணாடியில் ஏதோ மோதிய ஓசை கேட்டது. கீழே சென்று பார்த்தால், பச்சை முதுகும், தோளில் பளபளக்கும் நீலமும், அடிவயிற்றில் சிவப்புமாக, கண் வழியே கறுப்புப் பட்டையோடு அது சிறகு விரிந்து கிடந்தது. முதலில் தோன்றியது, வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது. நல்லவேளையாக, பறவைகளைப் பற்றி அறிந்த என் தம்பி தொலைபேசியில் தடுத்தான்: “அக்கா, தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடும். ஒன்றும் கொடுக்காதீர்கள். இருட்டான பெட்டியில் வைத்துவிட்டுத் தள்ளி இருங்கள்.” காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, ஆளரவமில்லாத அறையில் விட்டேன். திறந்து பார்க்கக் கை எத்தனை முறை போனது என்று சொல்ல மாட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே தத்தும் ஓசை கேட்டது. புதரின் நிழலில் பெட்டியைத் திறந்தேன். ஒரு கணம் என்னைப் பார்த்தது, பிறகு தாழ்வாகப் பறந்து மறைந்தது.

ஆறுமணிக்குருவிகள் இரவில் வலசை போகின்றன. மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் கூடு கட்டுகின்றன. இந்தப் பறவை எங்கள் தோட்டத்திலேயே தங்கியிருந்ததா, தெற்கிலிருந்து வந்து வழியில் விடியலில் இறங்கியதா என்று என்னால் சொல்ல முடியாது. அதே மாதம் 17-ஆம் தேதிக்குப் பிறகு சீழ்க்கை கேட்கவில்லை. அதன் பின் ஆண்டுதோறும் மார்ச் முதல் மே வரை மாடி விளக்கை இரவில் அணைத்துவிடுகிறோம். கண்ணாடியின் வெளிப்புறத்தில் நெருக்கமாக வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கிறோம்.

*

ஐயா, ஒரு சந்தேகம். எல்லாம் போயிருக்க வேண்டிய ஜூன் மாதத்திலும் உப்பளங்களில் சாம்பல் நிற உள்ளான்களை நான் பார்த்திருக்கிறேன். அவை நோயுற்றவையா, வழி தவறியவையா?

*

இரண்டும் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை முந்தைய கோடையில் பிறந்த, இன்னும் முட்டையிடும் பருவத்தை எட்டாத பறவைகள். வடக்கே போய் அவற்றுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லாததால், முதல் கோடையை இங்கேயே கழித்துவிடுகின்றன, சிவப்பும் உடுத்துவதில்லை. எனவே ஜூனில் நீங்கள் எண்ணும் சாம்பல் பறவைகளையும் நிறத்தோடு சேர்த்துப் பட்டியலிடுங்கள். ஆகஸ்டில் நிறம் மங்கிய முதிர்ந்த பறவைகள் திரும்பி வரத் தொடங்கும்போது, இவை யார், அவை யார் என்று பிரித்தறிய அந்தக் குறிப்பு உதவும்.

*

எல்லோரும் பெரிய காட்சிகளைச் சொன்னீர்கள். என்னிடம் இருப்பது மின்கம்பி மட்டும்தான்.

நான் காலை நடை போகும் சாலையில், குளிர்காலம் முழுவதும் கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். அவை இங்கே இருக்கும்போதுதான் இறகு உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கின்றன என்பதால், ஜனவரியில் பல பறவைகளுக்கு வாலின் நீண்ட கம்பிகள் இருப்பதில்லை. மார்ச்சில் அவை வளர்ந்து, வால் ஆழமாகப் பிளவுபட்டுத் தெரிகிறது. தொண்டையின் செம்மையும் முதுகின் நீலக்கருமையும் மெருகேறிவிடுகின்றன. முதலில் எழுதியவர் உள்ளான்களில் கண்ட மாற்றத்தை, சேற்றில் இறங்காமலேயே கம்பியில் பார்க்கலாம். இதே மாதங்களில் சாலையோர முள்முருங்கை பூத்திருக்கும்போது சோளக்குருவிகள் கூட்டமாக வந்து தேன் குடிக்கும். மகரந்தம் ஒட்டி முகம் மஞ்சளாகிவிடும். அவை ஏப்ரலில் மத்திய ஆசியப் புல்வெளிகளுக்கு, வெட்டுக்கிளி பெருகும் பருவத்துக்குக் குஞ்சு பொரிக்கப் போய்விடும். ஆனால் சோளக்குருவி ஒரே நாளில் கூட்டமாக மறைவதால், அதன் கடைசி நாளைக் குறிப்பது எளிது. தகைவிலான்தான் என்னைப் படுத்துகிறது.

சென்ற ஆண்டு ஏப்ரல் 10-இல் அறுபதுக்கு மேல் எண்ணினேன். 18-இல் ஒன்பது. 24-இல் ஒற்றைப் பறவை, கம்பியின் நடுவில், காற்றுக்கு எதிராகத் திரும்பி அமர்ந்திருந்தது. அதன்பின் நான்கு காலைகள் கம்பி வெறுமையாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் குறிப்பேட்டைத் திறந்து, கடைசியாகக் கண்ட நாள் 24 என்று எழுதிவிட்டு நடைக்குக் கிளம்பினேன். திருப்பத்தில் இரண்டு தகைவிலான்கள் அமர்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து 24-ஐ அடித்துவிட்டு 29 என்று எழுதினேன், இம்முறை பென்சிலால்.