ரீல்ஸ், ஃபில்டர், ‘கலர்’ கவலை: 16 வயதுப் பெண்ணுக்கு என்ன செய்யலாம்?

குடியாத்தம் சித்தி:
வணக்கம். அக்கா மகளுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு. ஒரு ஸ்டோரி போட முப்பது நாற்பது செல்ஃபி எடுத்து அழிக்கிறாள். போட்டதும் யார் பார்த்தார்கள் என்று அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறாள். மூக்கு பெரிசு, கலர் கம்மி என்று இரண்டு கல்யாணத்துக்கு வரவில்லை. ரீல்ஸில் பார்த்த நைட் க்ரீம் ஒன்றும் பூசுகிறாள். இன்ஸ்டாவை முழுசாக எடுத்துவிடலாமா? எந்த நிலையில் டாக்டரிடம் போகணும்?

காட்பாடி ஆலோசகர்:
முழுசா எடுக்க வேணாம் சித்தி. கிளாஸ் குரூப்பு, தோழிங்க பேச்சு எல்லாம் அந்த போன்லதான் ஓடுது. பிடுங்கினா தோழி போன்ல லாகின் பண்ணுவா, அப்புறம் என்ன பார்க்கிறான்னே உங்களுக்குத் தெரியாது. குறைச்சாலே பலன் இருக்கு. 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 143 மாணவர்களை வச்சு ஆராய்ஞ்சாங்க. ஒரு பகுதியினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொண்ணையும் நாளைக்கு 10 நிமிஷத்தோட நிறுத்திக்கிட்டாங்க. 3 வாரத்துல அவங்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைஞ்சது.

முதல்ல அளந்து பாருங்க. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல டிஜிட்டல் வெல்பீயிங்னு இருக்கும். எந்த ஆப் எத்தனை நிமிஷம், போனை எத்தனை தடவை திறந்தாங்கன்னு அது காட்டும். அவளோட சேர்ந்து உட்கார்ந்து பாருங்க, திட்டாம. சோஷியல் மீடியாவுல நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல போற பிள்ளைங்களுக்கு மனச்சோர்வு, பதற்றம் வர்ற அபாயம் இரட்டிப்புன்னு அமெரிக்க சர்ஜன் ஜெனரலோட (அந்த நாட்டு அரசோட தலைமை மருத்துவர்) 2023 அறிக்கை சொல்லுது.

நேரத்தை விட, எதைப் பார்க்கிறாங்கிறதுதான் என் கவலை. அவ லைக்கூடப் போட வேண்டியதில்ல. மூக்கைச் சின்னதாக்குற வீடியோல விரல் நாலு செகண்ட் நின்னாலே இன்ஸ்டா அதையே கொண்டுவந்து கொட்டும். இன்ஸ்டா செட்டிங்ஸ்ல கன்டென்ட் பிரிஃபரன்ஸஸ் போய் பரிந்துரைகளை ரீசெட் பண்ணச் சொல்லுங்க. அங்கேயே வேண்டாத சொற்களைத் தடுக்கலாம். ‘ஒயிட்டனிங்’ மாதிரி சொற்களைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போடுங்க. ரீசெட் பண்ண முதல் சில நாள் கோலம், கபடி, எது பிடிக்குமோ அதை அவளே தேடிப் பார்க்கணும். பெரும்பாலானவங்க இதை விட்டுடறாங்க, அதனாலதான் பழையபடி ஆயிடுது.

இன்ஸ்டாவுக்குள்ள இருக்கிற டெய்லி லிமிட் வெறும் நினைவூட்டல்தான், தள்ளிவிட்டுட்டுப் பார்த்துக்கிட்டே போகலாம். டிஜிட்டல் வெல்பீயிங்ல டைமர் வச்சா அன்னைக்கு ஆப் திறக்காது. அவ சம்மதத்தோட 30 நிமிஷம் வைங்க. யூடியூப் ஷார்ட்ஸுக்குத் தாவுவா, அதுக்கும் ஒண்ணு. ராத்திரி 10 மணிக்கு எல்லார் போனும் ஹால்ல சார்ஜ்ல இருக்கட்டும், உங்க போனும்தான். ‘அலாரம் வைக்கணும்’னு சொல்வா; ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்துடுங்க.

வீட்டுப் பக்கமும் ஒண்ணு. ‘இன்னாடி இப்டி கறுத்துப் பூட்டே’ன்னு சொந்தக்காரங்க கேட்கிறாங்களா? ரீல்ஸ் சொல்றதையேதான் அவங்களும் சொல்றாங்க. அவ காதுபடவே அவங்களைத் தடுங்க.

ஆற்காடு ஸ்டுடியோ:
மூக்கு பற்றி மட்டும் சொல்கிறேன். 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில், 5 அடியில் எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். 2018-ல் மருத்துவ இதழிலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மூக்கு நுனி காதைவிட நாலைந்து அங்குலம் முன்னால் இருக்கிறது. ஒரு அடி தூரத்தில் அது பெரிய வித்தியாசம், ஐந்தடியில் ஒன்றுமே இல்லை.

வாயால் சொன்னால் நம்ப மாட்டாள், செய்து காட்டுங்கள். காலையில் ஜன்னல் பக்கம் நிற்க வைத்து மூன்று படம்: முன் கேமராவில் ஃபில்டருடன் ஒரு அடியில் ஒன்று, ஃபில்டரும் பியூட்டி மோடும் அணைத்து அதே தூரத்தில் ஒன்று, பின் கேமராவில் 5 அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் ஒன்று. பல போன்களில் பியூட்டி மோடு வாங்கும்போதே போட்டபடி வரும், அதைக் கவனியுங்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பொட்டின் ஓரத்தையும் நெற்றியோரப் பூனைமுடியையும் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபில்டர் போட்டதில் பூனைமுடி கரைந்து போயிருக்கும். அப்படி ஒரு தோல் யாருக்கும் கிடையாது.

வாலாஜா மெடிக்கல்ஸ்:
எனக்கு அந்த க்ரீம்தான் பயம். டப்பாவைத் திருப்பிப் பாருங்க. கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனும், தோலை உரிக்கும் ட்ரெட்டினாயினும் கலந்திருக்கலாம். முதலில் முகம் வெளுத்த மாதிரி தெரியும், அதனால்தான் நம்பிப் பூசுகிறார்கள். போகப்போகத் தோல் மெலிந்து பரு, சிவப்பு, முடி வளர்ச்சி எல்லாம் வரும். நாள்பட்டுப் பூசியதைச் சட்டென்று நிறுத்தினால் முகம் எரியும், ‘க்ரீம் இல்லாமல் முடியாது’ என்று திரும்பப் பூசுவார்கள். தோல் டாக்டரைப் பார்த்து நிறுத்துங்க. உள்ளடக்கப் பட்டியலோ பேட்ச் எண்ணோ இல்லாத டப்பா என்றால் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர் இருந்தால் தள்ளிப்போடாதீங்க.

குடியாத்தம் சித்தி:
டப்பாவில் மொமெட்டசோன் என்று இருக்கிறது. அவளிடம் பேசிவிட்டேன், தோல் டாக்டரிடம் வர ஒத்துக்கொண்டாள். மனசுக்கும் காட்டணுமா?

காட்பாடி ஆலோசகர்:
காட்டுங்க. கண்ணாடி முன்னாடி நிக்கிறது, முகத்தைப் பத்தியே யோசிக்கிறது எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டி, வெளிய வர மறுத்தா அது வெறும் ‘வயசுக் கோளாறு’ இல்ல. பேச்சு வழிச் சிகிச்சை இருக்கு, தேவைப்பட்டா மாத்திரையும் இருக்கு. வேலூர் பாகாயத்துல சிஎம்சி மனநல மையம், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரில மனநலப் பிரிவு, ரெண்டுல எது வசதியோ போங்க. ‘ஆஸ்பத்திரியா’ன்னு தயங்கினா முதல்ல 14416-க்கு அவளே பேசட்டும். அது டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண்; கட்டணமில்ல, 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம். சாகணும், உயிரோட இருந்து என்ன பயன்னு ஒரு தடவை சொன்னாக்கூட அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க.