ஆங்கில விவாதம்: சொற்கள் பாடம், வாய் மட்டும் திறக்கவில்லை

உப்புவெளி ரீச்சர்
வணக்கம். திருகோணமலையில் தரம் 10, 11 பிள்ளைகளை ஆங்கில விவாதத்துக்குத் தயார்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மோஷன் (விவாதத் தலைப்பு), ப்ரொபசிஷன் (ஆதரிக்கும் அணி), ஒப்பசிஷன் (எதிர்க்கும் அணி), ரிபட்டல் (எதிரணி வாதத்தை மறுப்பது) என்று எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக் கொடுத்தாயிற்று, கேட்டால் அர்த்தம் கடகடவென்று ஒப்புவிக்கிறார்கள். ஆனால் எழுந்து நின்றால் மனப்பாடம் செய்த பேச்சுத்தான். எதிரணி என்ன சொன்னாலும் நம் இரண்டாவது பேச்சாளர் வீட்டில் எழுதியதை முழுதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். இத்தனைக்கும் தமிழில் இதே பிள்ளைகளிடம் வாய் கொடுத்து மீள முடியாது! எங்கிருந்து தொடங்கலாம்?

நிலாவெளி வாசி
ரீச்சர், அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். அதெல்லாம் நடுவருக்கும் பயிற்சியாளருக்கும் வேண்டிய சொற்கள், ரிபட்டல் என்ற சொல்லையே வாயால் சொல்லாமல் ஒரு பிள்ளை அருமையாக ரிபட்டல் செய்யலாம். பிள்ளைக்கு வேண்டியது நாக்கு நுனியில் நிற்கும் வாக்கியத் தொடக்கங்கள். நான்கு போதும்: "தே ஸே", "பட்", "பிகாஸ்", "தேர்ஃபோர்". எதிரணி சொன்னதை ஒரு வரியில் திருப்பிச் சொல்வது, மறுப்பது, காரணம் சொல்வது, அதனால் என்ன ஆகிறது என்று முடிப்பது. இதில் முதலாவதுதான் உயிர், எதிரணி பேசும்போது காது கொடுக்காதவரால் "தே ஸே" என்று தொடங்கவே முடியாது.

அப்புறம் தலைப்பு. சமூக ஊடகம் நல்லதா கெட்டதா என்று கொடுத்தால் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நகருக்குள் திரியும் புள்ளிமான்களைக் காட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டுமா? இதற்கு எந்தப் பிள்ளையிடமும் கருத்து இருக்கும். நிலாவெளிக் கரைக்கு அப்பால் இருக்கும் புறாமலைத் தீவும் நல்ல தலைப்பு. 2003 இல் தேசியப் பூங்காவாக்கிய இடம், பவளப்பாறையை மிதிக்கிறார்கள் என்று ஒரு பக்கம், படகுக்காரர் பிழைப்பு என்று மறுபக்கம், சில வருடம் மூடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

கிண்ணியா சேர்
தலைப்பு விஷயத்தில் நிலாவெளி சொன்னதுதான் சரி. ஆனால் நான்கு தொடக்கம் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த "பட்" மட்டும் கையில் இருக்கும் பிள்ளை அடுத்த நிமிடமே "யூ ஆர் ரோங்" என்று பாயும். "தட் மே பி ட்ரூ இன் சம் கேசஸ், பட்" என்பது போல பாதியை ஒத்துக்கொண்டு மீதியை உடைக்கும் தொடர்கள் இரண்டு மூன்றாவது வேண்டும், நடுவர்களிடம் எடுபடுவதும் அதுதான்.

சரளம் வர 4/3/2 பயிற்சி செய்யுங்கள். ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் மாறுவதால் சலிப்பில்லை, நேரம் குறையக் குறைய இழுவை தானாகக் கழன்றுவிடும். இடையில் "ஐ ஆம் அக்ரீ" என்று வந்தால் நிறுத்தித் திருத்தாதீர்கள், குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் கரும்பலகையில் எழுதுங்கள், யார் சொன்னது என்று சொல்லாமல்.

பட்டிமன்ற வணக்கத்தை முதலில் வெட்டுங்கள்! உலகப் பாடசாலை விவாத முறையில் ஒருவருக்கு 8 நிமிடம், அதிலும் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் யாரும் குறுக்கே கேள்வி கேட்க முடியாது. நம் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு 3 நிமிடம் கொடுத்தாலே பெரிது, அதில் நடுவர், அதிபர், ஆசிரியர், அவையோர் என்று வணங்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

உப்புவெளி ரீச்சர்
நன்றி சேர், நன்றி நிலாவெளி. மான் தலைப்பை இன்று வகுப்பில் போட்டேன், தமிழிலேயே சண்டை மூண்டுவிட்டது. வீட்டுச் செடியை மான் தின்றுவிட்டதென்று கொதித்த பிள்ளையை வேண்டுமென்றே மான்களின் பக்கம் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், எதிரணி பேசும்போது குறிப்பைத் தமிழில் எடுக்க விடலாமா?

கிண்ணியா சேர்
தாராளமாக. தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் அவர்கள் சொன்னதைத் தமிழிலோ எதிலோ எழுதட்டும். வலப்பக்கம் நம் பதில், அது மட்டும் ஆங்கிலத்தில், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். முழு வாக்கியம் எழுத விட்டால் மறுபடி வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.